மந்திர சக்தி கூடக்கூடத் துணிச்சலும் கூடுமா?

பாதாளக்குகை | ஜூன் 4, இரவு 9.50

ஃபேன்டசி நாவல்களில் யாருக்கு மந்திர சக்தி அதிகமோ அவருக்கே துணிச்சலும் அதிகம். இது என் கட்சி. கையில் இடியும் மின்னலும் இருக்கிறவன் யாருக்குப் பயப்படணும்? லார்ட் ஆஃப் த ரிங்ஸில் பால்ராக் என்கிற நெருப்பு அரக்கன் முன்னால் மந்திரவாதி காண்டால்ஃப் ஒற்றை ஆளாகப் பாலத்தில் நிற்கிறார். எர்த்சீ நாவல்களில் கெட் மந்திரப் பள்ளி மாணவனாக இருக்கும்போதே செத்துப்போனவளின் ஆவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். வீல் ஆஃப் டைம் தொடரில் நாயகன் ராண்ட் ஒரு படையையே தனியாக எதிர்ப்பான். மந்திரம் தெரியாதவன் பாறைக்குப் பின்னால் ஒளிகிறான். இல்லை என்பவர்கள் ஆதாரத்தோடு வாங்க. "எனக்கு அப்படித் தோணலை" என்பது செல்லாது.

வேதாளம்25 | ஜூன் 4, இரவு 11.15

நீங்க கூட்டி வந்த மூன்று சாட்சிகளில் இரண்டு பேர் பிறழ்சாட்சி.

காண்டால்ஃபை எடுங்க. பாலத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால், மசார்புல் அறைக் கதவை மந்திரத்தால் அடைத்துப் பிடிக்கிறார். அந்தப் பக்கம் வந்து நின்ற பால்ராக் எதிர்மந்திரம் போடுகிறது. கதவு வெடித்துச் சிதறுகிறது, அவர் படிக்கட்டில் உருண்டு வந்து விழுகிறார். கோலில் வெளிச்சம் ஏற்றக்கூடத் தெம்பு இல்லாமல் இருட்டிலேயே எல்லாரையும் நடத்திக்கொண்டு போகிறார். பாலம் அதற்கப்புறம்தான். சக்தி ஏறக்குறைய வற்றிப்போன நேரத்துத் துணிச்சல் அது. அதே மனிதர், ஹாபிட் என்கிற குட்டை மனிதர்களின் ஊரான ஷயரில், ஃப்ரோடோ என்கிற ஹாபிட் தீய சக்தி கொண்ட மோதிரத்தை எடுத்துக்கோங்க என்று நீட்டியதும் பதறி எழுந்துவிடுகிறார். பலம் அதிகம் உள்ளவர் கையில் மோதிரம் அதிகம் வேலை செய்யும், அதனால் அவருக்கே பயமும் அதிகம். எல்ஃப் குலத் தலைவி கலாட்ரியலும் அதே கதை. ஃப்ரோடோவின் தோட்டக்காரன் சாமுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மோதிரம் தோட்டக்காரனுக்குக் காட்டும் ஆசை, பெரிய தோட்டம் ஒன்றுதான். அவன் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறான்.

கெட் விஷயம் (1968) உங்களுக்கு இன்னும் மோசம். கூடப் படிக்கிற ஜாஸ்பரோடு வீம்பு. அந்த வீம்பில் ஆவியைக் கூப்பிடுகிறான், கூடவே நிழல் உருவம் ஒன்றும் உலகைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது, அந்த ஓட்டையை அடைத்த ஆர்ச்மேஜ் (தலைமை மந்திரவாதி) நெம்மெர்ல் உயிரை விடுகிறார். பிறகு அதே கெட் லோ டார்னிங் என்கிற மூலைத் தீவு வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டு ஒதுங்குகிறான். அங்கிருந்து பெண்டார் டிராகனிடம் போகும்போது துணிச்சல் திரும்பி வருகிறது. காரணம், பழைய வரலாறுகளிலிருந்து அந்த டிராகனின் உண்மைப் பெயர் யெவாட் என்று ஊகித்து வைத்திருக்கிறான். பெயர் தெரிந்தால் டிராகன் கட்டுப்படும். நிழலுக்கு அவனிடம் பெயர் இல்லை, அதைக் கண்டால் ஓட்டம். ஒரே ஆள், ஒரே சக்தி, ஒரே புத்தகம், மூன்று அளவுத் துணிச்சல்.

பாதாளக்குகை | ஜூன் 5, காலை 7.05

ராண்டை நைசாக விட்டுட்டீங்க.

வேதாளம்25 | ஜூன் 5, பகல் 1.30

விடலை. அங்கே ஆண் பெண் கணக்கு ஒன்று இருக்கு, தனியாகப் பேசணும்.

அதற்கு முன்னால் உங்கள் புனைபெயரையே கேளுங்க. 1951 'பாதாள பைரவி'யில் மந்திரவாதி யார்? எஸ்.வி. ரங்காராவ். மந்திரத்தில் கரைகண்ட ஆள். அவனுக்கு என்ன குறை? நினைத்ததைத் தரும் சிலை வேண்டும், அதற்குப் பைரவிக்கு ஒரு தைரியசாலி வாலிபனைப் பலி கொடுக்க வேண்டும். துணிச்சலை அவன் வெளியே போய்த் தேடுகிறான். கிடைத்தவன் மந்திரத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாத தோட்டத்து வீட்டுப் பையன்.

விக்கிரமாதித்தன் கதையும் இதே அச்சு. தினம் ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்கிற சாமியாருக்கு மந்திரம் தெரியும், ஆனால் சுடுகாட்டுக்குள் போய் முருங்கை மரத்துப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டு வர அவரால் முடியாது. ராஜாவுக்கு மந்திரம் தெரியாது, போய்விட்டு வருவார். போய்விட்டு வந்தவரையே பலி கொடுப்பதுதான் சாமியார் திட்டம். எப்படி விழுந்து கும்பிடுவது என்று நீங்களே செய்து காட்டுங்கள் என்று கேட்டுத் தலையை வாங்கிவிடு என்று வேதாளம் யோசனை சொல்லித்தான் ராஜா பிழைக்கிறார்.

அலாவுதீனும் அதே. மேற்கத்தி மந்திரவாதி குகை வாசலில் நிற்பான், உள்ளே இறங்குவது பையன்.

பழைய கதைகளில் சக்தி ஒரு உடம்பிலும் துணிச்சல் இன்னொரு உடம்பிலும் இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கதையே நடக்காது. மந்திரவாதி தானே போய்ச் சிலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

பகடை | ஜூன் 5, இரவு 8.20

அலாவுதீனை அந்த வரிசையில சேர்க்காதீங்க தல. அவனை மந்திரவாதி தைரியத்துக்காகத் தேடலை. அந்தப் புதையல் அவன் பேர்லதான் எழுதியிருக்குன்னு ஜோசியம் பார்த்துக் கண்டுபிடிச்சு வர்றான். பையன் சோம்பேறியா இருந்தாலும் பயந்தாங்கொள்ளியா இருந்தாலும் அவன்தான் வேணும். மத்த ரெண்டும் ஓகே.

சராசரி | ஜூன் 6, காலை 10.40

எடுத்துக்காட்டுகளை இப்படி எறிந்துகொண்டே இருந்தால் இந்த இழை தீபாவளி வரை போகும். தொடர்பு உண்டா என்று கேட்டால் அளந்துதான் பார்க்க வேண்டும். அளப்பதில் மூன்று குழிகள் இருக்கின்றன.

முதல் குழி, துணிச்சல் என்று எதை எண்ணுகிறோம் என்பது. பெரிய மந்திரவாதி ஒரு ட்ரோலை எதிர்ப்பது துணிச்சல் அல்ல, அவருக்கு அது காலை நடை. ஆகவே எதிரில் இருக்கும் ஆபத்தை அந்த ஆளின் பலத்தோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். ஆனால் ஆபத்தைப் பலத்தால் வகுத்துவிட்டால், பலம் கூடும்போது மதிப்பெண் தானாகவே இறங்கும். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துத் தைத்தது போல ஆகிவிடும். இதைத் தவிர்க்க, மூன்று நிபந்தனையும் பொருந்துகிற காட்சிகளை மட்டும் எடுங்கள்: ஆபத்து என்னவென்று பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், தப்பிக்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அவருடைய மந்திரம் அந்த இடத்தில் பயன்படாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நின்றால் 1, போனால் 0. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, ஒத்துப்போகாத காட்சிகளைத் தனியே வையுங்கள்.

இரண்டாவது குழி பெரியது. கதைக்குள் யார் வருகிறார்கள்? பலமும் இல்லாத, துணிச்சலும் இல்லாத ஆளைப் பற்றி யாரும் நாவல் எழுதுவதில்லை. அவர் ஊரிலேயே மாவாட்டிக்கொண்டு இருக்கிறார். நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: பலமும் துணிச்சலும் உள்ளவர் (1,1), பலம் மட்டும் (1,0), துணிச்சல் மட்டும் (0,1), இரண்டும் இல்லாதவர் (0,0). இந்த நால்வரிடம் தொடர்புக் கெழு (ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறதா என்று −1 முதல் 1 வரை காட்டும் எண்) சரியாக 0. கடைசி ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்ற மூவரிடம் அது −0.5 ஆகிவிடும். யாருடைய குணமும் மாறவில்லை, ஆள் எடுத்த விதம் மட்டும் மாறியது. "பலமில்லாதவர்களே துணிச்சல்காரர்கள்" என்று ஃபேன்டசி வாசகருக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. வேதாளம்25 சொல்லும் சாமும் இந்த வலையில் விழுந்தவர்தான். ஷயரில் பயந்து வீட்டிலேயே இருந்த ஹாபிட்டுகளை நீங்கள் எண்ணவே இல்லை.

மூன்றாவது குழி, யாருடைய மனதுக்குள் ஆசிரியர் நம்மை அனுமதிக்கிறார் என்பது. ஃப்ரோடோவின் பயம் பக்கம் பக்கமாக நமக்குத் தெரியும். காண்டால்ஃபின் பயம் அவராகச் சொன்னால்தான் உண்டு. தெரியாததை 0 என்று போட்டால் பெரியவர்கள் எல்லாம் பயமே அறியாதவர்களாக ஆகிவிடுவார்கள்.

பாதாளக்குகை | ஜூன் 6, காலை 11.02

கெழு எல்லாம் சரி. அந்த மாவாட்டுகிறவரை வைத்து யாராவது நாவல் எழுதினால் நான் வாங்குவேன்.

பகடை | ஜூன் 7, இரவு 10.10

நாவலை விடுங்க, விளையாட்டு விதிப்புத்தகத்துல இது எல்லாமே எண்ணா இருக்கு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதான் பகடை உருட்டி ஆடுற ஃபேன்டசி விளையாட்டு, ரெண்டு பதிப்பு போதும்.

1981 பேசிக் பெட்டியில ஒவ்வொரு மிருகத்துக்கும் 'மொரால்' (மன உறுதி)னு ஒரு எண், 2 முதல் 12 வரை. சண்டையில முதல் ஆள் விழுந்ததும் ஒருதரம், பாதிப் பேர் விழுந்ததும் ஒருதரம், ரெண்டு ஆறுமுகப் பகடையை உருட்டணும். கூட்டுத்தொகை மொராலைத் தாண்டினா அந்தக் கும்பல் ஓடும் இல்ல சரணடையும். கோபோல்டுங்கிற குட்டி ஜந்துக்கு 6, அதாவது ஒவ்வொரு உருட்டலுக்கும் 58 சதவீதம் ஓட்டம். காப்ளின்ங்கிற இன்னொரு ஜந்துக்கு 7, 42 சதவீதம். ராஜா பக்கத்துல உயிரோட நின்னா அதே காப்ளினுக்கு 9, ஓடுற வாய்ப்பு 17 சதவீதமா இறங்கிடும். வெள்ளை டிராகன் 8, சிவப்பு டிராகன் 10. இதுவரைக்கும் பாதாளக்குகை ஜெயிச்ச மாதிரி இருக்கும். அடுத்த வரியைப் பாருங்க: எலும்புக்கூடு 12, ஸோம்பி 12. ஓடவே ஓடாது. டிராகன் முன்னால எலும்புக்கூடு ஒரு தூசு, ஆனா பயப்பட அதுக்குள்ள ஆள் இல்லை.

கூலிக்கு வர்ற கையாளோட மொரால் இன்னும் வேடிக்கை. அது அவனோட பலத்தைப் பார்க்காது, கூட்டிட்டுப் போறவரோட கரிஸ்மாவை, அதாவது ஆளைக் கவர்ற குணத்துக்கான எண்ணை, பார்க்கும். தலைவருக்கு 3 இருந்தா ஆளுக்கு மொரால் 4. தலைவருக்கு 18 இருந்தா 10. துணிச்சல் அவன்கிட்ட இல்லவே இல்லை, முதலாளி மூஞ்சியில இருக்கு.

ஆட்டக்காரரோட பாத்திரத்துக்கு மொரால் எண்ணே கிடையாது. ஓடுறதும் நிக்கிறதும் அவங்க இஷ்டம்.

இப்ப 2014 ஐந்தாம் பதிப்பு. பயமுறுத்துற விளைவுகளைத் தாங்க பெரும்பாலும் 'விஸ்டம்' (விவேகம்) சோதனை. அதுல பயிற்சி யாருக்கு? விஸார்டுக்கு (மந்திரவாதி) உண்டு, கிளெரிக்குக்கு (பூசாரி) உண்டு. ஃபைட்டருக்கும் (போர்வீரன்) பார்பேரியனுக்கும் (காட்டுவீரன்) இல்லை. வளர்ந்த ('அடல்ட்') சிவப்பு டிராகன் 120 அடிக்குள்ள வந்து பயமுறுத்தினா தாங்க 19 வேணும். 11ஆம் நிலை ஃபைட்டர், விஸ்டம் 10, கூட்ட ஒண்ணுமில்லை: இருபதுமுகப் பகடையில 19 இல்ல 20 விழணும், 10 சதவீதம். அதே நிலை விஸார்ட், விஸ்டம் 12, பயிற்சியோட +5: 14 விழுந்தா போதும், 35 சதவீதம். ஃபைட்டர் ஹாஃப்லிங்கா (ஹாபிட் மாதிரி குட்டை இனம்) இருந்தா அந்த இனத்துக்கே 'பிரேவ்' குணம் உண்டு, ரெண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கலாம், 19 சதவீதம். வாள் பிடிச்சவன் ஓட, புத்தகம் பிடிச்சவன் நிக்கிறான்னு விதியே சொல்லுது.

ஆனா நின்ன விஸார்ட் எவ்வளவு நேரம் நிப்பான்? எவ்வளவு அடி தாங்குவான்னு சொல்ற அவன் உயிர்ப்பகடை ஆறுமுகம், பார்பேரியனுக்குப் பன்னிரண்டுமுகம். பழைய பதிப்புகள்ல விஸார்டுக்கு நாலுமுகம்தான், முதல் நிலையில ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் போட்டுட்டா அவன் கத்தி வெச்சிருக்கிற கிளார்க். அதனாலதான் பழைய ஆட்டக்காரங்க விஸார்டை எப்பவும் வரிசையில நடுவுல நடக்க வைப்பாங்க. பயமில்லாதவன் வேற, சாகாதவன் வேற. நீங்க ரெண்டையும் 'துணிச்சல்'னு ஒரே டப்பாவுல போடுறீங்க.

அரைச்செங்கல் | ஜூன் 8, காலை 6.55

ரின்ஸ்விண்ட் இல்லாமல் இந்த இழை ஓடிக்கொண்டிருப்பது அநியாயம்.

அவன் டிஸ்க்வேர்ல்ட் என்கிற நகைச்சுவை ஃபேன்டசித் தொடரின் உதவாக்கரை மந்திரவாதி, முதல் புத்தகம் 1983. பந்தயத்துக்காக ஆக்டாவோ என்ற மந்திரப் புத்தகத்தைத் திறந்தான், உலகைப் படைத்த எட்டு மந்திரங்களில் ஒன்று அவன் தலைக்குள் குதித்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பயந்து வேறு எந்த மந்திரமும் உள்ளே தங்குவதில்லை. கணக்குப்படி அவன் தலைக்குள் அபார சக்தி, கைக்கு வருவது பூஜ்யம். சராசரி ஐயா, இவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? தொழில்முறைக் கோழை. ஓடுவதில் நிபுணன். எங்கிருந்து ஓடுகிறோம் என்பது முக்கியம், எங்கே என்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற கட்சி.

1988இல் வந்த 'சோர்சரி'யில் எதிரே காயின் வருகிறான். எட்டாவது மகனின் எட்டாவது மகனின் எட்டாவது மகன், மந்திரத்தின் ஊற்று. பல்கலைக்கழகத்து விஸார்டுகள் எல்லாம் சேர்ந்தாலும் அவன் சுண்டுவிரலுக்குக் காணாது. வயது பத்து. அவன் கையில் இருக்கும் கோலுக்குள் செத்த அப்பா உட்கார்ந்து ஆட்டி வைக்கிறார். அந்தப் புத்தகத்தில் மிக அதிக சக்தி உள்ளவன்தான் மிக அதிகம் பயந்து கிடப்பவனும்.

அவனை எதிர்க்க ரின்ஸ்விண்ட் கொண்டு போகும் ஆயுதம் காலில் இருந்து கழற்றிய சாக்ஸ், அதற்குள் அரைச் செங்கல். கடைசியில் பையன் தப்பிப்பதற்காக, வேறு பரிமாணத்து ஜந்துக்களைத் தடுத்து நிற்கும்போது இன்னொரு சாக்ஸில் மணல். பிறகு சொல்லுங்கள், இந்தப் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று.

சராசரி | ஜூன் 8, காலை 9.15

பலத்தை இரண்டு வரிசையாகப் பிரிக்க வேண்டியதுதான்: உள்ளே இருப்பது, கைக்கு வருவது. ரின்ஸ்விண்டுக்கு முதலாவதில் முழு மதிப்பெண், இரண்டாவதில் 0.

பாதாளக்குகை | ஜூன் 9, இரவு 9.30

என் கட்சியைச் சற்றுத் திருத்திக்கொண்டு திரும்பி வருகிறேன். எவ்வளவு சக்தி என்பது கணக்கில்லை. கூப்பிட்டால் வருமா என்பதுதான் கணக்கு. யெவாடின் பெயர் தெரிந்ததும் கெட் போனான், விளைவு நிச்சயமானது. ரின்ஸ்விண்டுக்குக் கைக்கு வராது, அதனால் ஓடுகிறான். நம்பகமான சிறு சக்தி, நம்பமுடியாத பெரும் சக்தியைவிட அதிகத் துணிச்சல் தரும். இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

வேதாளம்25 | ஜூன் 10, இரவு 12.20

முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். மீதிக் கால்வாசிக்கு விலைச்சீட்டு. இப்போது ராண்டுக்கு வரலாம்.

வீல் ஆஃப் டைமில் ஒரே மந்திர ஊற்றுக்கு இரண்டு பாதி. ஆண்கள் எடுப்பது சாய்டின். அதைப் பாய்ந்து பிடிக்க வேண்டும், பிடித்த பிறகும் ஒவ்வொரு நொடியும் மல்லுக்கட்ட வேண்டும், தளர்ந்தால் அது ஆளை எரித்துவிடும். பெண்கள் எடுப்பது சாய்டார். அதோடு மல்லுக்கட்டினால் வராது, தன்னை ஒப்புக்கொடுத்தால்தான் வரும். பாய்கிறவன்தான் பெரிய ஆணாக வளர முடியும், விட்டுக்கொடுக்கத் தெரிந்தவள்தான் பெரிய பெண்ணாக வளர முடியும். அந்த உலகத்தில் சக்திக்கும் துணிச்சலுக்கும் தொடர்பு எழுதப்பட்டிருப்பது குணத்தில் இல்லை, குழாயின் அமைப்பில். அந்த அமைப்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் ஆசிரியர் அதை விடாமல் பின்பற்றுகிறார் என்பதை மறுக்க முடியாது.

நைனேவ் என்கிற பெண்ணை அதில் பொருத்திப் பாருங்கள். அபார பலம். ஆனால் கோபம் வந்தால்தான் சக்தி கைக்கு வரும். ஆகவே ஆறு புத்தகங்களாக வேண்டுமென்றே எரிச்சலை மூட்டிக்கொண்டு திரிகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் அஞ்சாதவள். ஏழாவது புத்தகத்தில் (1996) படகோடு தண்ணீருக்குள் சிக்கி, இனி வழியே இல்லை என்று கைவிடும் நொடியில்தான் அந்தத் தடை உடைகிறது. சண்டைக்கோழி போல நின்றபோது வராதது, தோற்றுவிட்டேன் என்றபோது வந்தது.

அடுத்தது ஷ்வான். ஏஸ் செடாய் என்பது அந்த உலகத்து மந்திரப் பெண்களின் சங்கம், அவர்களுக்குள் யாருக்கு அதிக பலமோ அவருக்கு மற்றவர் பணிந்து போவது வழக்கம். வயதுக்கும் பதவிக்கும் அதற்கப்புறம்தான் இடம். ஷ்வான் அவர்கள் எல்லாருக்கும் தலைவி. நான்காவது புத்தகத்தில் (1992) சக்தியை முழுதாக அறுத்துவிடுகிறார்கள். பாதாளக்குகை சொன்ன விதிப்படி அவள் அன்றோடு ஒடுங்கியிருக்க வேண்டும். அவளோ ஒரு துளி சக்தி இல்லாமல், தன்னைத் தூக்கி எறிந்தவர்களுக்கு எதிரான அணியைப் பின்னாலிருந்து நடத்துகிறாள். ஆறாவது புத்தகத்தில் நைனேவ் அவளைக் குணமாக்குகிறாள், ஆனால் பழைய பலம் திரும்பவில்லை, கொஞ்சம்தான். அதற்குப் பிறகு பணிய வேண்டியவர்களின் பட்டியல் நீண்டுவிடுகிறது. சக்தியே இல்லாதபோது வரிசைக்கு வெளியே நின்றாள், கொஞ்சம் வந்ததும் வரிசையின் வால்பக்கம் சேர்ந்தாள். துணிச்சல் அதேதான், அதைக் காட்ட விடுகிற ஊர்வழக்கம்தான் மாறியது.

விலைச்சீட்டு என்றேனே, அது ஏஸ் செடாய்கள் எடுக்கும் மூன்றாவது சத்தியம். ஏஸ் செடாய் ஒருத்தி சக்தியை ஆயுதமாக்கலாம், ஆனால் நிழல் எனப்படும் தீய பக்கத்து ஆட்களுக்கு எதிராக, அல்லது தன் உயிரோ தன் வார்டரின் (மெய்க்காப்பாளன்) உயிரோ இன்னொரு சகோதரியின் உயிரோ போகும் கட்டத்தில் மட்டும். ஆக, சாதாரணப் படையோடு நடக்கும் போரில் அவள் பின்வரிசையில் பத்திரமாக நின்றுகொண்டு நெருப்பு எறிய முடியாது. முதலில் போய் ஆபத்துக்குள் நிற்க வேண்டும், பிறகுதான் பூட்டுத் திறக்கும். எத்தனை நம்பகமான சக்தியாக இருந்தாலும், துணிச்சலை முன்பணமாகக் கட்டியாக வேண்டும்.

சராசரி | ஜூன் 10, காலை 8.45

திசையையும் பாருங்கள். சக்தியால் துணிச்சல் வருகிறது என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். ஹாரி பாட்டரில் நெவில் நேரெதிர். முதல் புத்தகத்திலேயே (1997) மூன்று நண்பர்களை வழிமறித்து நிற்கிறான். அவர்கள் தன்னைவிட நன்றாக மந்திரம் போடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும், ஹெர்மயனி அவனை விறைக்க வைத்துவிட்டுப் போகிறாள். நான் சொன்ன மூன்று நிபந்தனையும் பொருந்தும் காட்சி அது. அதற்குக் கிடைத்த பத்து மதிப்பெண்தான் பள்ளி அணிகளுக்கான கோப்பையைத் தீர்மானிக்கிறது. மந்திரம் கைக்கு வருவது நாலு வருடம் கழித்து, ஐந்தாவது புத்தகத்துப் பயிற்சிகளில். அதுவரை வைத்திருந்தது அப்பாவின் மந்திரக்கோல், அது உடைந்த பிறகுதான் அவனுக்கென்று ஒன்று. துணிச்சல் முதல் பாகத்தில், பலம் ஐந்தாம் பாகத்தில்.

எதிர்முனையில் வில்லன் வோல்டமார்ட், சாகாமல் இருக்க ஆன்மாவைத் துண்டு துண்டாக்கி ஒளித்து வைத்தவர். அவர் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதினால் பாதி, சாவு பயத்துக்கான காப்பீட்டு பாலிசிகள்.

அரைச்செங்கல் | ஜூன் 10, காலை 9.20

ஏழு தவணை.

பாதாளக்குகை | ஜூன் 12, மாலை 6.00

வேறு பக்கம் போகிறேன், கோபிக்க வேண்டாம். இந்திரஜித்தை யாரும் சொல்லவில்லையே? மேகத்துக்குள் மறைந்து அம்பு விடுகிறவன், மாயா சீதையை வெட்டி அனுமனையே அழவைத்தவன். சக்தி அபாரம், ஒளிந்துதான் அடிக்கிறான். இவன் கோழையா?

வேதாளம்25 | ஜூன் 12, இரவு 10.45

இதிகாசத்தை ஃபேன்டசி அட்டவணையில் சேர்த்தால் நாளைக்கு நாம் இருவருமே வெளியே தலைகாட்ட முடியாது. கம்பனிடத்தில் மட்டும் ஒரு இடத்தைக் காட்டிவிட்டு நகர்கிறேன். நிகும்பலை வேள்வி கலைந்த பிறகு அவனுக்குத் தன் கதி தெரிந்துவிடுகிறது. அப்பாவிடம் போய், சீதையை விட்டுவிடு என்று நேருக்கு நேர் சொல்கிறான். ராவணன் மறுக்கிறான். பிறகு அவனாகவே களத்துக்குத் திரும்பிப் போகிறான். மேகத்துக்குள் ஒளிந்ததை வைத்து மட்டும் அவனை எடை போடாதீங்க.

வேதாளம்25 | ஜூன் 15, காலை 11.30

சக்தி முழுதாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷ்வானைவிட நல்ல சான்று எர்த்சீயிலேயே இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தின் (1972) முடிவில், உயிருக்கும் சாவுக்கும் நடுவில் திறந்து கிடந்த கதவை மூட கெட் தன்னிடம் இருந்ததை எல்லாம் செலவழித்துவிடுகிறான். அந்தக் காட்சியை வீரத்தின் உச்சம் என்று கைதட்டி முடித்தவர்கள், 1990இல் வந்த 'டெஹானு'வைத் திறந்ததும் திகைத்தார்கள். உலகத்தின் ஆர்ச்மேஜாக இருந்தவர் இங்கே வெட்கத்தில் கூனிக் குறுகி, ராஜா அனுப்பிய ஆட்கள் வருகிறார்கள் என்றதும் மலைமேல் போய் ஆடு மேய்க்க ஒளிகிறார்.

பாதாளக்குகை இங்கே "பார்த்தீர்களா, சக்தி போனதும் துணிச்சல் போச்சு" என்று துள்ளுவார். பொறுங்க. அதே புத்தகத்தில் அவருடைய தோழி டெனாரின் பண்ணைவீட்டை இரவில் ஆட்கள் சூழ்ந்து உடைக்கப் பார்க்கிறார்கள். அப்போது வந்து நிற்கிற கெட் கையில் இருப்பது வைக்கோல் அள்ளுகிற கவட்டைக்கோல். மந்திரவாதியாக இருந்த காலத்தில் அவர் மனிதரை அப்படிக் குத்தியதில்லை. குத்தினதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ராஜாவின் தூதர் முன்னால் நிற்க முடியாதவர், கத்தி வைத்திருந்த கும்பல் முன்னால் நின்றார். தூதரிடம் பயந்தது சாவுக்கு அல்ல, "நீங்கள்தானே அந்த ஆர்ச்மேஜ்" என்கிற பார்வைக்கு. இரண்டு பயத்துக்கும் இரண்டு வரிசை வேண்டும், சராசரி.

சராசரி | ஜூன் 15, பகல் 12.10

அட்டவணையில் இடம் இருக்கிறது. பொறுமைதான் இல்லை.

பகடை | ஜூன் 19, இரவு 9.45

மிஸ்ட்பார்ன் (2006) நாவல் படிச்சவங்க யாருமில்லையா? அங்க துணிச்சலே ஒரு சரக்கு. உலோகத் தூளை விழுங்கி வயித்துக்குள்ள 'எரிச்சா' சக்தி. பித்தளை எரிச்சா பக்கத்துல இருக்கிறவங்க உணர்ச்சியை அமுக்கலாம், துத்தநாகம் எரிச்சா கிளறலாம். எதிரே நிக்கிறவனோட பயத்தை அமுக்கினா அவன் துணிஞ்சவன் மாதிரி நடப்பான், தைரியத்தை அமுக்கினா நடுங்குவான். ஒருத்தன் துணிஞ்சு நின்னா அது அவனோடதா, மூலையில நிக்கிற இன்னொருத்தன் ஏத்தி விட்டதான்னே தெரியாது.

நாயகி வின் எல்லா உலோகத்தையும் எரிக்கக் கூடியவ. அந்த உலகத்துல அதுக்கு மேல பலம் அபூர்வம். ஆனா தெருவுல அடி வாங்கி வளர்ந்தவ, யாரையும் நம்பாம மூலையில ஒடுங்கி உட்கார்றவ. சக்தி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போக மாசக்கணக்கா ஆகுது. அவளுக்குக் கத்துக்கொடுக்கிற கெல்சியருக்கும் அதே சக்தி, ஆள் அட்டகாசம். பலம் சமம், துணிச்சல் ஏணி வெச்சாலும் எட்டாத தூரம்.

ஏட்டியம்னு ஒரு உலோகம். எரிச்சா எதிராளியோட அடுத்த அசைவு நிழலா முன்கூட்டியே தெரியும். ஆனா நொடிக்கணக்குல தீர்ந்துபோகும், விலையோ யானை விலை. எதிராளிகிட்ட அது இருந்து உங்ககிட்ட இல்லைன்னா, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒரே உபாயம் ஓட்டம். அங்க யாரும் அதைக் கோழைத்தனம்னு சொல்றதில்லை. வேதாளம்25 சொன்ன விலைச்சீட்டு இதுதான், இங்க கிராம் கணக்குல ஒட்டியிருக்கு.

வேதாளம்25 | ஜூன் 28, காலை 10.00

இந்த இழையைப் படித்துவிட்டுச் சொந்தமாக எழுதும் நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்: "என் நாயகிக்கு ஊரிலேயே அதிக சக்தி. அவள் துணிச்சலானவள் என்று வாசகர் நம்பவே மாட்டேன் என்கிறார், என்ன செய்ய?" இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சக்தியைக் குறைக்காதீங்க. வழக்கமாகச் செய்யும் தப்பு அதுதான், சண்டைக்கு முந்தின அத்தியாயத்தில் திடீர் ஜுரம் வந்து மந்திரம் வேலை செய்யாமல் போகும். வாசகர் ஆசிரியரின் கையைப் பார்த்துவிடுவார். அதைவிட, அவள் சக்தி எதற்குப் பயன்படாது என்பதை முதல் கால்வாசிக்குள்ளேயே, ஆபத்தில்லாத சின்ன விஷயத்தில் காட்டிவிடுங்க. காயத்தை ஆற்றுவாள், பசியை ஆற்ற மாட்டாள் என்பது போல. பிறகு பெரிய காட்சியை அந்தப் பயன்படாத இடத்தில் வையுங்க. தப்பிக்கும் கதவைத் திறந்தே வையுங்க, அது திறந்திருப்பதை அவள் பார்ப்பதையும் எழுதுங்க. மூலையில் மாட்டிக்கொண்டு அடித்தால் அது துணிச்சல் கணக்கில் சேராது, பூனையும் அதைச் செய்யும். விலை உண்டென்றால், அதை அவள் ஏற்கனவே ஒருமுறை கட்டியிருக்க வேண்டும். கெட்டின் முகத்துத் தழும்பு அந்த வேலையைத்தான் செய்கிறது. அவன் இரண்டாவது முறை துணியும்போது விலை என்னவென்று நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பக்கத்தில் சக்தியில்லாத ஒருவரை நிறுத்துங்க. விக்கிரமாதித்தன் காலத்திலிருந்து வேலை செய்கிற ஏற்பாடு அது. ஆனால் அவரைப் பலியாடாக மட்டும் வைத்துவிடாதீங்க.

பாதாளக்குகை | ஜூலை 2, இரவு 8.15

என் முதல் பதிவை யாரோ மேற்கோள் காட்டி முகநூலில் போட்டிருக்கிறார்கள். கீழே இருந்த 19 பதிவுகளைக் காணோம். அங்கே நான் இன்னும் பழைய கட்சியிலேயே இருக்கிறேன்.

அரைச்செங்கல் | ஜூலை 2, இரவு 8.40

அட்டவணையை மூடுவதற்குள் ஒரு சந்தேகம். ரின்ஸ்விண்டின் பின்னால் நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களோடு ஓடி வருகிற லக்கேஜ், அந்தப் பெட்டி. முழுக்க முழுக்க மந்திர மரம். எதற்கும் பயந்ததில்லை, டிராகனானாலும் பேயானாலும் மூடியைத் திறந்துகொண்டு கடிக்கப் போகும். அதற்கு என்ன மதிப்பெண்?

பகடை | ஜூலை 2, இரவு 8.52

மொரால் 12. எலும்புக்கூடு வரிசை.

அரைச்செங்கல் | ஜூலை 2, இரவு 8.53

அதற்குக் கேட்காமல் பேசுங்கள்.